சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம்

ஆயுத பூஜையன்று வண்டிச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்பதும், வண்டியை ஓர் அடி நகர்த்தி அதை நசுக்குவதும் எல்லா ஊரிலும் உண்டு. ஆழ்வார்குறிச்சியில் என் அக்கா வாழ்க்கைப்பட்ட வீட்டில் மட்டும் அந்தப் பழம் நசுங்கியதே கிடையாது. வைத்த இடத்திலேயே காய்ந்து, கறுத்து, கொட்டைப்பாக்கு அளவுக்குச் சுருங்கி, மறு வருஷம் புதுப்பழம் வந்த பிறகும் அப்படியே கிடக்கும். அங்கே பூஜை வாங்கிக்கொண்டு நின்றது இரண்டாம் உலகப் போரில் பறந்த சண்டை விமானம். ஓர் ஆள் மட்டுமே உட்காரலாம். "ஒரு நா நகரும். அன்னைக்கு நசுங்கட்டும்" என்பார் அத்தான். அதுவரை பழத்தை எடுத்துப் போட யாருக்கும் அனுமதி இல்லை.

இத்தனை வருஷம் கழித்து இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் கோபம்தான். போன புரட்டாசியில், சென்னையில் இருக்கும் அக்கா மகன் என் செல்போனுக்கு ஒரு வாசகம் அனுப்பினான். அத்தான் காலமாகி ஆறு வருஷம் ஆகிறது. விமானத்தைப் பெங்களூர்ப் பணக்காரர் ஒருவர் விலை பேசியிருந்தார். பழைய விமானங்களைச் சேர்ப்பது அவருக்குப் பொழுதுபோக்கு. தன் காட்சிக்கூடத்தில் இதன் பக்கத்தில் ஒரு பித்தளைப் பலகை வைக்கப் போகிறாராம். அத்தான் பெயரைப் போட்டு, 'இவ்விமானத்தைத் தனி ஒருவராய்க் காத்தவர்' என்று அதில் பொறிக்கப் போகும் வாசகம்தான் அது. நான் பாளையங்கோட்டை கோர்ட்டில் முப்பது வருஷம் வாக்குமூலம் தட்டச்சு செய்தவள். பொய்யைப் பார்த்தால் விரல் நுனியிலேயே எனக்குத் தெரிந்துவிடும். தனி ஒருவராம்.

அத்தானின் அப்பா போர்க்காலத்தில் ஓடுதளம் போடுவதற்கு ஜல்லி அடித்த ஒப்பந்தக்காரர். வெள்ளைக்காரன் விட்டுப்போன விமானங்களைப் பழைய இரும்புக் கணக்கில் ஏலம் விட்டபோது நாலைந்தை எடுத்தார். மற்றவை உருகிச் சட்டியும் பானையுமாகி ஊர்ப் பெண்களுக்குச் சோறு வடிக்கப் பயன்பட்டன. ஒன்றை மட்டும் அழகாக இருக்கிறதே என்று உருக்காமல் வைத்துக்கொண்டார். அதுவும் சட்டியாகியிருந்தால் என் அக்கா நன்றாக இருந்திருப்பாள்.

அழகாக இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. அக்காவுக்குக் கல்யாணமான மூன்றாம் வருஷம், திருச்சியிலிருந்து வந்த ஒரு கிழட்டு மெக்கானிக்கின் உதவியால் இயந்திரம் உயிர்பெற்றது. சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, வாலைக் கொட்டகைத் தூணோடு சங்கிலியால் பிணைத்து, அத்தான் உள்ளே ஏறி உட்கார்ந்தார். அந்தச் சத்தம் காதில் விழவில்லை, நெஞ்செலும்பில் விழுந்தது. புளியமரத்துக் காக்கை அத்தனையும் ஒரே நேரத்தில் எழும்பின. நாலு பேர் கூடினால் தலையைக் குனிந்துகொள்கிற கூச்ச சுபாவி அத்தான், அன்றைக்கு இறங்கி வரும்போது வேறு ஆளாக இருந்தார். என்னையும் ஏற்றி உட்கார வைத்தார். தோல் இருக்கையும் எண்ணெயும் கலந்த அந்த வாசனை இன்றும் எனக்கு மறக்கவில்லை. "ஏட்டி, இதுக்கு ஒரு உசிரு இருக்கு, தெரியுதா?" என்று கேட்டார். தெரிகிறது என்றேன். பொய் சொல்லவில்லை. அந்த மயக்கத்தில் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

யானையைக் கட்டித் தீனி போடுவது என்பார்கள். யானையாவது திருவிழாவுக்கு நடக்கும். இந்த யானைக்கு ரப்பர் வளையம் சீமையிலிருந்து வர வேண்டும், டயர் வர வேண்டும், ஒவ்வொன்றுக்கும் ஆற்றுப் பாசனத்து வயலில் ஒரு துண்டு போகும். அதற்கென்று தூண் எழுப்பிக் காங்கிரீட் கூரை போட்டுக் கொட்டகை கட்டியபோது, ஒரு கோட்டை விதைப்பாடு நிலம் மொத்தமாகப் போனது. பத்தடி தள்ளி இருந்த வீட்டுக்கு ஓட்டுக்கூரை. ஐப்பசி பிறந்தால் கூடத்தில் நாலு இடத்தில் ஒழுகும். அக்கா கட்டிலை இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் இழுத்துக்கொண்டிருப்பாள். தனக்கென்று அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான், மழை ஒழுகாத ஒரு அறை. "அடுத்த வருசம் பாப்போம்" என்பார் அத்தான். அந்த அடுத்த வருஷம் அவர் ஆயுளில் வரவே இல்லை.

இயந்திரம் இறுகிப் போகாமல் இருக்க வாரம் ஒருமுறை முன்விசிறியைக் கையால் சுற்றிவிட வேண்டும். அத்தானுக்குத் தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜண்டிடம் வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வீட்டில் இருப்பார், அன்றைக்குப் பார்க்க வருகிறவர்களிடம் கதை சொல்லவே நேரம் போதாது. ஆகையால் வெள்ளிக்கிழமைதோறும் தலைமுழுகி, ஈரத்தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு அக்காதான் கொட்டகைக்குப் போவாள். இயந்திரத்தின் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி வைத்திருப்பதால் ஓர் ஆள் பலத்துக்கு அசையும். நவக்கிரகம் சுற்றுகிற கணக்கில் ஒன்பது சுற்று. கடைசிச் சுற்றில் மூச்சு வாங்கும். மகனைச் சுமந்திருந்தபோது ஏழு மாதம்வரை அவள் அதை நிறுத்தவில்லை.

அப்புறம் அந்த ஆயுத பூஜை. விமானத்தின் வால் சுக்கான் மட்டும் துணியால் ஆனது. துணி விறைப்பாக நிற்க அதன்மேல் ஒரு பூச்சு பூசுவார்கள், நெருப்பைக் கண்டால் பெட்ரோல் மாதிரி பிடிக்கும். அத்தான் முந்தின நாள்தான் புதிதாகப் பூசியிருந்தார். அக்கா முகப்பில் கற்பூரம் காட்டிவிட்டுத் திரும்ப எத்தனித்தாள். "சாமிக்குச் சுத்துத மாதிரி முழுசா ஒரு சுத்து வா" என்றார் அவர். தட்டோடு வால்பக்கம் போனவளின் கையருகே குப்பென்று பிடித்தது. சுக்கானிலும் நெருப்பு, அவள் சேலைத் தலைப்பிலும் நெருப்பு. கொட்டகையில் எப்போதும் ஒரு வாளித் தண்ணீர் இருக்கும். அத்தான் அதைத் தூக்கினார். ஒரு நொடி நின்றார். நின்றதை நான் பார்த்தேன். பிறகு வாளியை வாலின்மேல் ஊற்றினார்.

அக்காவைக் கீழே தள்ளி, சாக்கைப் போட்டு அமுக்கியது நான். வலது கையில் இரண்டு விரல்கள் உள்ளங்கையோடு ஒட்டிக்கொண்டன, இன்றுவரை விரியவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் அத்தான் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அழட்டும் என்று இருந்தேன். அழுகைக்கு நடுவில், "அது எரிஞ்சா திரும்பக் கிடைக்காதுட்டி" என்றார். கை கிடைக்குமா அத்தான் என்று கேட்டேன். ஊரோ, பாய்ந்து தீயை அணைத்து விமானத்தைக் காப்பாற்றிய மனுஷர் என்று அவரைக் கொண்டாடியது. அந்தக் கதையில் என் அக்கா கிடையாது.

வீட்டுக்கு வந்த முதல் வெள்ளிக்கிழமை, கட்டுப்போட்ட கையோடு அவளைக் காணாமல் தேடினேன். கொட்டகையில் இடது கையால் விசிறியைத் தள்ளிக்கொண்டிருந்தாள். எனக்கு வந்த கோபத்துக்கு அவளை அடித்திருப்பேன். "எக்கா, ஒனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?" என்றேன். அவள் சுற்றை எண்ணி முடித்துவிட்டுத்தான் பேசினாள். "இது நின்னு போச்சுன்னா வயலு போனதும் வீணு, கை போனதும் வீணுட்டி." இப்படிப்பட்ட சாமான் மனிதர்களை எப்படிப் பிடித்துவைக்கிறது என்பதை அன்றுதான் புரிந்துகொண்டேன். அழகைக் காட்டி அவரைப் பிடித்தது. இழந்ததைக் காட்டி அவளைப் பிடித்தது.

போன புரட்டாசிக் கடைசியில், மழைக்கு முன்பாக, பெங்களூர்க்காரர் நீளமான லாரியோடு ஆள் அனுப்பினார். கூட வந்த மெக்கானிக் விசிறியைப் பைய அசைத்தார். அது சுற்றியது. அவர் முகம் மாறிவிட்டது. "இத்தனை வருஷம் கிடந்தும் இறுகலையே. யாருங்க பாத்துக்கிட்டது?" என்றார். "அப்பாதான், வாரா வாரம் சுத்துவாங்க" என்றான் அக்கா மகன்.

"ஏலே, ஒங்க அப்பா வெள்ளிக்கிழமை எங்கன இருந்தாரு? போயி ஆறு வருசமாச்சே, இந்த ஆறு வருசமும் ஆவியா வந்து சுத்துனாரா? ஒங்க அம்மா கையைப் பாத்துச் சொல்லு" என்றேன்.

"இப்ப எதுக்குச் சித்தி அது. செத்தவங்க பேரு கெடக்கூடாது."

"இருக்கவ பேரு?"

அக்கா முந்தானையைச் செருகிக்கொண்டு போய் இடது கையை விசிறியில் வைத்தாள். எழுபத்திரண்டு வயது. ஒன்பது சுற்று. மெக்கானிக் கைகளைக் கூப்பினார், பலகையை மாற்றச் சொல்வதாகச் சொன்னார். பலகை மாறவில்லை. போன வாரம் படம் வந்தது. தனி ஒருவராய் என்றே பளபளக்கிறது. பணம் கொடுத்து வாங்கியவருக்கு இயந்திரத்தின் எண்ணெயளவு தெரிந்திருக்கிறது, அதை ஓடவைத்த கை தெரியவில்லை. அந்தக் கையின் பிள்ளைக்கே தெரியாதபோது அவரை என்ன சொல்ல.

லாரி வந்த அன்றைக்கு இறக்கைகளைக் கழற்றி முடித்து வெளியே தள்ளத் தயாரானபோது, "செத்த நில்லுங்க" என்றாள் அக்கா. உள்ளே போய் ஒரு எலுமிச்சம்பழம் கொண்டுவந்து சக்கரத்தடியில் வைத்தாள். எட்டு ஆட்கள் தள்ளினார்கள். பழம் நசுங்கியது. அவ்வளவு நாள் காத்திருந்ததற்குச் சத்தம்கூடப் பெரிதாக வரவில்லை.

லாரி தெருமுனை திரும்பும்வரை மகன் பார்த்துக்கொண்டு நின்றான். அக்கா பார்க்கவில்லை. விளக்குமாற்றை இடது கையில் எடுத்து, நசுங்கின பழத்தையும் பழைய வற்றல்களையும் சேர்த்து வாசலுக்குத் தள்ளினாள். பிறகு அண்ணாந்து, கொட்டகையின் காங்கிரீட் கூரையை ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை நிதானமாகப் பார்த்தாள். ஒரு பொட்டு ஈரம் கிடையாது. வீட்டுக்குள் போய்க் கூப்பிட்டாள்.

"ஏட்டி, இங்கன வா. கட்டிலைக் கொட்டகைக்குத் தூக்கணும், அந்தப் பக்கம் ஒரு கை பிடி."