சேட்டம்மாவுக்கு நான் சொன்ன சேதி

எங்கள் வீட்டு முன்பாதியில் குடிவந்த சேட்டம்மாவின் முகத்தை அந்த வீதியிலேயே முதன்முதலில் பார்த்தவள் நான்தான். பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைக்குத்தான் சொல்கிறேன் என்று யாராவது நினைத்தாலும் நினைத்துக்கொள்ளட்டும். மூன்றாம் வகுப்போடு நின்றுபோனவளுக்குச் சொல்லிக்கொள்ள நாலு காரியமாவது இருக்க வேண்டுமே.

இப்போது எங்கள் லைன் வீடுகளில் ஆறு குடித்தனத்தில் நாலு வடக்கத்திக்காரர்கள். சாயங்காலம் குழாயடிக்குப் போனால் தமிழ்தான் குறைவாகக் கேட்கிறது. தலையை மூடிக்கொண்டு ஒரு பெண் குடத்தோடு வந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எனக்கு எட்டு வயதாக இருந்தபோது அப்படி இல்லை. எங்கள் பக்கத்தில் ஒரு பெண் முக்காடு போட்டாள் என்றால் இழவு வீட்டுக்குப் போகிறாள், அல்லது தாலியை இழந்துவிட்டாள். மூன்றாவதாக ஒரு காரணம் இருக்கும் என்று எங்களுக்குத் தெரியாது.

நூல் வியாபாரம் செய்ய வந்த ஒரு பெரியவர், ஊர் ஊராகச் சுற்றுகிற அவர் மகன், பதினெட்டு வயதுகூட நிரம்பாத மருமகள். அந்த மருமகளைத்தான் சேட்டம்மா என்போம். மோவாய் வரைக்கும் சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு நடப்பாள். ஆண்கள் இல்லாத நேரத்தில் அடுப்படியில் அதைத் தூக்கிப் பின்னால் போட்டுவிட்டு என்னோடு உட்கார்ந்து ரொட்டி தேய்ப்பாள். நான் தேய்த்தது ஒன்றும் வட்டமாக வந்ததில்லை. அதைத் தூக்கிக் காட்டிக் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பாள். அவளிடமிருந்து நான் கற்றுக்கொண்டது நாலு வார்த்தை. அதை வைத்துக்கொண்டு எனக்கு அந்த பாஷையே தெரியும் என்று வீட்டில் பெயர் வாங்கியிருந்தேன்.

பெரியவர் வாசலுக்கு வரும்போதெல்லாம் இரண்டு தரம் இருமுவார். இருமல் கேட்டதும் சேலை முகத்தில் இறங்கிவிடும். பாவம், வயசானவர், நெஞ்சுச்சளி போலிருக்கிறது என்று அம்மா சித்தரத்தை கஷாயம் வைத்து என்னிடம் கொடுத்தனுப்பினாள். அவரும் மறுப்புச் சொல்லாமல் குடித்தார். முகம் சுளிந்ததை நான் பார்த்தேன்.

அக்காவுக்கு இரண்டு இடம் வந்து தட்டிப்போயிருந்தது. மூன்றாவதாகக் குண்டடத்துப் பக்கமிருந்து ஒரு இடம். எல்லாம் பேசியாகிவிட்டது, வெள்ளிக்கிழமை வந்து வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டால் முடிந்தது. மாப்பிள்ளையின் அம்மா மட்டும் சகுனம் பார்க்கிறவர் என்று கேள்வி. பூனை குறுக்கே போனால் பஸ்ஸை விட்டு இறங்கிவிடுவாராம்.

எங்கள் பாதிக்கு வர வேண்டுமானால் சேட்டம்மா வீட்டு வாசலைத் தாண்டித்தான் வர வேண்டும். அம்மாவுக்கு அந்தக் கவலை வந்துவிட்டது.

"கண்ணு, உனக்குத்தான் அதோட பேச்சுத் தெரியுமே. பெரியவங்க வர்றாங்க, அன்னைக்கு ஒருநாள் முக்காடு வேண்டாம்னு பக்குவமாச் சொல்லிப்போட்டு வா. மனசு நோவாமச் சொல்லோணும்."

போனேன். மீசை முறுக்கிக் காட்டினேன், வயிற்றைத் தள்ளி நடந்து காட்டினேன்: பெரியவர்கள் வருகிறார்கள். அவள் புரிந்தது என்று தலையாட்டினாள். என் பாவாடை நுனியைத் தூக்கித் தலையில் போட்டுக் காட்டினேன், பிறகு கையை இப்படியும் அப்படியும் ஆட்டினேன். அவள் என்னை உற்றுப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். எழுந்து நின்று சேலையை நெஞ்சு வரைக்கும் இழுத்துவிட்டுக் காட்டி, சரிதானே என்பதுபோல் என் கன்னத்தைத் தட்டினாள். எனக்குக் கொஞ்சம் இடித்தது. இருந்தாலும் கெட்டிக்காரி என்ற பெயரை விட முடியுமா? "சரின்னு சொல்லிருச்சும்மா" என்று வந்து சொன்னேன்.

வெள்ளிக்கிழமை அவர்கள் வந்தார்கள். அப்பாவும் மாமனும் வீதிக்கே போய் அழைத்து வந்தார்கள். சேட்டம்மா தன் வாசலில், இருப்பதிலேயே நல்ல சிவப்புச் சேலை கட்டி, ஒரு தட்டு நிறைய இனிப்போடு, நெஞ்சு வரை முகத்தை மூடிக்கொண்டு நின்றாள். அவள் மாமனாரும் பக்கத்தில் கைகூப்பி நின்றார்.

மாப்பிள்ளையின் அம்மா எடுத்த காலை அப்படியே பின்னால் வைத்தார்.

"ஏனுங்க, நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல இதென்னங்க எதுக்கால நிக்குது?"

"அது வடக்கத்திப் புள்ளைங்க. அவங்க ஊர்ல அப்படித்தானுங்க" என்றார் மாமன்.

"அவங்க ஊர்ல எப்படியோ. நாம நம்மூர்லதானுங்களே இருக்கறோம்."

மாப்பிள்ளையின் அம்மா வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார். ஜன்னலில் அக்காவின் பட்டுச்சேலை தெரிந்தது. சேட்டம்மா சரி என்றாள் என்று வீட்டில் சொன்னது நான். நான் ஓடினேன், சேட்டம்மாவின் சேலையைப் பிடித்து ஒரே இழுப்பு.

வகிடு முழுக்கக் குங்குமம், நெற்றியில் பொட்டு, மூக்குத்தி. வெயிலில் பளிச்சென்று இருந்தாள்.

"அட சாமி, மகாலட்சுமியாட்டம் இருக்குதே. இதையா மூடி வெச்சிருந்தீங்க?" என்று மாப்பிள்ளையின் அம்மா அவள் தட்டிலிருந்து ஒரு இனிப்பை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். கூட வந்தவர்கள் எல்லோரும் அவள் முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே பின்னால் போனார்கள். மாமன் என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். அங்கிருந்து பார்த்தபோது பெரியவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றிருந்தார். சுவரில் ஒன்றுமே இல்லை. சேட்டம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அக்காவுக்கு நிச்சயமாயிற்று. சேட்டம்மா கதவு சாத்தியே இருந்தது. நான் தட்டினால் திறப்பாள், ஆனால் என் முன்னாலும் முகத்தை மூடிக்கொண்டாள். ரொட்டி தேய்க்க என்னைக் கூப்பிடவில்லை. நான் செய்த உதவிக்கு இதுதான் கைம்மாறா என்று எனக்கு அழுகை வந்தது. பெரியவர் இப்போது வீதிமுனையிலிருந்தே இருமிக்கொண்டு வந்தார்.

மூன்றாம் நாள் அந்த இருமலைக் கேட்டுக்கொண்டிருந்த அம்மா, அரிசி புடைப்பதை நிறுத்தினாள்.

"அன்னைக்கு அதுகிட்ட என்னதான் கண்ணு சொன்னே?"

மீசை முறுக்கினேன், நடந்தேன், பாவாடையைத் தலையில் போட்டேன், கையை ஆட்டினேன். அம்மா கடைசி வரைக்கும் பார்த்தாள்.

"பெரியவங்க வர்றாங்க, நல்லா மூடிக்கோன்னு சொல்லியிருக்கறே" என்றாள். பிறகு, "அவருக்கு இருமலும் இல்ல ஒண்ணும் இல்ல. நாந்தான் கஷாயம் வெச்சுக் குடுத்திருக்கறேன்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

அன்று பொழுது இறங்கும் நேரத்தில் ஒரு தட்டில் வெற்றிலை, பழம், குங்குமம் எடுத்துக்கொண்டு அம்மா கிளம்பினாள். கல்யாணத்துக்கு முதல் அழைப்பு சேட்டம்மாவுக்கு. மொழி சொல்ல நானும் கூடவே ஓடினேன். பெரியவர் வாசலில் உட்கார்ந்திருந்தார். அம்மா படியில் நின்றாள். உச்சி வெயிலில்கூடச் சேலைத்தலைப்பைத் தலையில் படவிடாதவள், அதை எடுத்து முக்காடாகப் போட்டுக்கொண்டாள்.

"அம்மா, தலையில" என்றேன்.

"தெரியும். நீ வா."

பெரியவர் எழுந்து அம்மாவை ஒரு கணம் பார்த்தார். கைகூப்பிவிட்டு வீதிப்பக்கம் போய்விட்டார்.

உள்ளே இரண்டு பேரும் மூடின தலையோடு எதிரெதிரே நின்றார்கள். சேட்டம்மாதான் முதலில் தன் முகத்திலிருந்து சேலையை விலக்கினாள். அம்மா அவளுக்குக் குங்குமம் வைத்தாள். அவள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "என்ன சொல்லோணும்மா?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்ல வேண்டாம் கண்ணு."

அது எனக்குப் பிடிக்கவில்லை. இவ்வளவு தூரம் கூட்டிவந்துவிட்டு ஒன்றும் சொல்ல வேண்டாமாம்.

வெளியே வந்த பிறகும் அம்மா முக்காட்டை எடுக்கவில்லை. மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். யாராவது பார்த்தால் அக்கா கல்யாணம் என்ன ஆவது? எட்டிப் பிடித்து அதையும் இழுத்துவிட்டேன். அம்மா என்னைப் பார்த்தாள், திட்டவில்லை. ஒரே வாரத்தில் இரண்டு பேரைக் காப்பாற்றிவிட்டேன் என்று அன்றைக்கு எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.