பெரியம்மா போட்ட வெல்லம்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த வருஷம் எங்கள் பொங்கல் வேகாமல் போனதற்கு அப்பா காரணம் இல்லை. எங்கள் குடும்பத்தில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பந்தியில் யாராவது அந்தக் கதையை எடுத்து, அப்பாவை நடுவில் வைத்துச் சிரிக்கிறார்கள். கதையைக் கட்டிவிட்டது என் பெரியம்மா, அம்மாவின் அக்கா. பானைக்குப் பக்கத்தில் நின்றவள் நான். எனக்குத் தெரியாதா?

அப்போது திருவனந்தபுரம் கரமனையில் வாடகை வீட்டில் இருந்தோம். அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். அப்பா வேலை பார்த்த ஜவுளிக்கடையை மூடிவிட்ட பிறகு வீட்டை அவர்தான் பார்த்துக்கொண்டார். சமையல், துணி, என் இரட்டைப் பின்னல், கணக்குப் பாடம் எல்லாம் அவர் கையில். மாவாட்டிக்கொண்டே வாய்ப்பாடு கேட்பார். தப்பாகச் சொன்னால் கிரைண்டரை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பார். அடுப்பைப் பற்றவைக்கும் முன்னால் வேண்டியதெல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பது அவருடைய சட்டம். இன்றைக்கு அதே ஊரில், கழக்கூட்டம் பக்கம் ஓர் அலுவலகத்தில் நான் பொறுப்பான வேலையில் இருக்கிறேன் என்றால் அந்தச் சட்டத்தால்தான். சொந்தக்காரர்களுக்கு இதெல்லாம் கண்ணில் படவில்லை. பெண்டாட்டி சம்பாத்தியத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர் என்று பேசினார்கள். உட்கார்ந்தா? அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே குறைவு.

எனக்கு டைபாய்டு வந்தபோது அம்மா பகவதிக்குப் பொங்காலை நேர்ந்திருந்தாள். மாசியில் அந்த ஒரு நாள் திருவனந்தபுரத்துத் தெருவெல்லாம் பெண்கள் செங்கல் கூட்டிப் புதுப்பானையில் பொங்கலிடுவார்கள். ஆண்கள் அடுப்புப் பக்கம் வரக் கூடாது. ஓரமாக நின்று தண்ணீரும் மோரும் கொடுக்கலாம். வெயிலிலும் புகையிலும் மயங்கி விழுகிறவர்கள் ஆஸ்பத்திரிக்குத்தானே வருவார்கள், அதனால் அம்மாவுக்கு லீவு கிடைக்கவில்லை. நேர்ச்சையைத் தள்ளிப்போடவும் அவளுக்குப் பயம். சின்னப் பெண்களும் பொங்கலிடலாம் என்பதால் நானே இடுவதென்று முடிவாயிற்று.

அப்பா கொல்லையில் கல் கூட்டி எனக்குச் சொல்லிக் கொடுத்தார். "அரிசி வெந்த பெறவுதான் வெல்லம், மக்ளே. முந்திப் போட்டா அப்பறம் எவ்வளவு எரிச்சாலும் வேகாது" என்று ஒரு பருக்கையை எடுத்து விரலுக்கிடையில் நசுக்கிக் காட்டினார். நடுவில் வெள்ளையாகத் தெரிந்தால் இன்னும் வேக வேண்டும். எனக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் செய்துவிடலாம் என்கிற தைரியம் வந்துவிட்டது.

அன்று பெரியம்மாவின் அடுப்பு எனக்குப் பக்கத்து அடுப்பு. அப்பா எதிர்ச்சாரியில் மோர் டிரம்முக்குப் பின்னால் நின்றார். அந்த இடம் வேண்டுமென்று அவர் கேட்டு வாங்கியிருந்தார். கோயிலில் மூட்டிய தீ அடுப்புக்கு அடுப்பு கைமாறி எங்களிடம் வந்தது. ஓலை பற்றியது, புகை எழும்பியது, பானை பொங்கி வழிந்தது. நான் நிமிர்ந்து பார்த்தேன். அப்பா சிரித்தார்.

வரிசையில் எல்லாருக்கும் முன்னால் பானையை இறக்கி வாழையிலை போட்டு மூடுவது பெரியம்மாவுக்கு ஒரு கௌரவம். அவள் பானை இறங்கியாயிற்று. இனி என் பானைதான்.

"ஏட்டி, என்ன பாத்துட்டு நிக்க? வெல்லத்தப் போடு."

பருக்கையை நசுக்கினேன், நடுவில் வெள்ளை. அப்பாவைப் பார்த்தேன். வேண்டாம் என்று தலையாட்டினார்.

"அங்க என்ன பார்வ? ஆம்பளயக் கேட்டாக்கும் பொங்கல் இடுதது?" என்றவள், என் கிண்ணத்தைப் பிடுங்கி வெல்லம் முழுவதையும் கவிழ்த்துவிட்டாள். அடுத்த அடுப்பு மலையாளத்துச் சேச்சி, "அய்யோ, அரி வெந்தில்லல்லோ!" என்று பதறினாள். அப்பா நடைபாதையிலிருந்து ஓர் அடி இறங்கினார். பிறகு பின்வாங்கி டிரம்முக்கே போய்விட்டார்.

எவ்வளவு எரித்தும் பயனில்லை. பூசாரி வந்து தீர்த்தம் தெளித்த பிறகு பெரியம்மா என் பொங்கலை இலையில் எடுத்து வரிசை முழுக்கக் கொடுத்தாள். தன் பானையைத் திறக்கவே இல்லை. "கடுக்கு முடுக்குன்னு இருக்கு, கேட்டேளா? ஆம்பள சொல்லிக் குடுத்தா இப்படித்தான்" என்றாள். தெருவே சிரித்தது. மோர் கொடுக்க வந்த அப்பாவும் சேர்ந்து வாய்விட்டுச் சிரித்து, "எம் பேர்லதான் பிசகு. தண்ணி கொறச்சுச் சொல்லிட்டேன்" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பொய் சொல்லக் கூடாது என்று எனக்குச் சொல்லித் தந்தவர் தெருவில் நின்று பொய் சொல்கிறார், அதுவும் தன்னைக் குறைத்து! வழியெல்லாம் கேட்டேன். "ஒங்கம்மா நேர்ச்ச நடந்துட்டுல்லா, மக்ளே" என்பதையே திருப்பித் திருப்பிச் சொன்னார்.

சாயங்காலம் அம்மா வந்து, கை கால் கழுவிவிட்டுப் பொங்கலை வாயில் போட்டாள். மென்றாள். "அக்கா ஒத்தாசைக்கு இருந்தாளோ?" என்று கேட்டாள். "கூடவே இருந்தாங்க" என்றார் அப்பா. நான் உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அப்பா என்னைத் தண்ணீர் எடுத்துவர அனுப்பினார். திரும்பி வந்தால் அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். இவளுமா! எனக்காக வெயிலில் நின்ற மனிதரை இவளுமா கேலி செய்கிறாள் என்று தம்ளரை டங்கென்று வைத்துவிட்டு வெளியே போனேன். அம்மாவோடு சில நாள் முகம் கொடுத்தே பேசவில்லை.

இந்த வருஷம் அம்மாவும் நானும் சேர்ந்து பொங்கலிட்டோம். அம்மா வேலையிலிருந்து ஓய்வுபெற்றுவிட்டாள். அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்தபோது பழைய கோபம் கிளம்பி, அவளிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"ஒரு வாய் வச்சதுமே தெரிஞ்சுட்டு எனக்கு. அக்கா எந்தக் காலத்துல அரிசி வேக உட்டிருக்கா? சின்னப் பிள்ளையில இருந்து அவ பொங்கல நாங்க கடிச்சுல்லா தின்னோம்!"

"தெரிஞ்சும் ஏன் பெரியம்மாகிட்டக் கேக்கல?"

"அப்பாதான் வேண்டாம்னாரு" என்று ஓலையைத் தள்ளிவிட்டாள். "எங்க கல்யாணத்துக்கு எங்க வீட்டுல இருந்து ஒருத்தரும் வரல. அக்கா ஒருத்திதான் சண்ட போட்டுட்டு வந்தா. பொங்கலும் அவதான் வச்சா. அப்பா அதக் கடிச்சுத் தின்னுட்டு, நல்லாருக்குன்னு ரெண்டாந்தரமும் கேட்டு வாங்கினாரு."

பெரியம்மா மேல் எனக்கு இன்னும் கோபம்தான். அடுத்த கல்யாணப் பந்தியில் அந்தக் கதை வந்தால் எழுந்து நின்று மறுக்கத்தான் போகிறேன். ஆனால் அன்று, என் அப்பாவைப் பார்த்துத் தெருவே சிரிக்கிறது என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. அவரும் சேர்ந்து ஏன் அவ்வளவு சந்தோஷமாகச் சிரித்தார் என்று புரிந்துகொள்ளும் வயசு எனக்கு அப்போது இல்லை.