வளைவில் நின்ற ட்ரம்பெட்

இங்கே ஊதினால் சத்தம் திரும்பி வருவதில்லை. பாலக்காட்டுக்குக் கிழக்கே, கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மகள் வீட்டுக்கு வந்த புதிதில் முதலில் என்னைப் பயமுறுத்தியது அதுதான். மலைமேல் பள்ளிவாசல் தேயிலை எஸ்டேட்டில், எங்கள் லயத்து வீட்டு வாசலில் நின்று ட்ரம்பெட்டில் ஒரு வரி ஊதினால் எதிர்மலை அதைத் திருப்பிச் சொல்லும். தப்பாக ஊதினால் தப்பும் திரும்பி வரும். இங்கே பனைமரங்களைத் தாண்டி எங்கோ போய்விடுகிறது. கிணற்றில் கல்லைப் போட்டுவிட்டுச் சத்தத்துக்குக் காத்திருப்பவன் மாதிரி நிற்கிறேன். "இங்க மலை இல்லல்லாப்பா" என்று மகள் சிரிக்கிறாள். அவளுக்குக் கல்யாணமாகி வந்து பழகிவிட்டது.

எங்கள் மலையில், தேவிகுளத்திலும் சித்திரபுரத்திலும் இதைப் படிக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டை ஒப்படைக்க வேண்டும். தேயிலை ஃபாக்டரியில் பார்த்தது பிழைப்பு. சர்ச் பேண்டில் ஊதியதுதான் வாழ்க்கை. ட்ரம்பெட்டை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் இறங்கி வரும்போது, போகிற ஊரில் பேண்டு இல்லாவிட்டால் என்ன ஆவேன் என்றே யோசித்தேன். நல்லவேளை, லேத் பட்டறை வைத்திருக்கும் பொன்னுச்சாமி ஒரு பேண்டு செட்டு நடத்தி வந்தார். எல்லோருக்கும் வேறு வேலை உண்டு. கல்யாணம், திருவிழா என்றால் சிவப்புச் சட்டையை மாட்டிக்கொண்டு கூடிவிடுவார்கள். ஒரு பாட்டு ஊதிக் காட்டினேன். முன்வரிசையிலேயே நிறுத்திவிட்டார்.

முதல் ஊர்வலத்திலேயே மானம் போனது. கோயில் திருவிழா, நல்ல வெயில். அரிசி மில் பக்கம் தெரு திரும்பியது. என் வலது கை தானாக மேலே போனது. ஊதுவதை நிறுத்திவிட்டு அப்படியே நின்றேன். பின்னால் வந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் முட்டி நின்றார்கள். கூட்டம் பதறிப்போனது. பொன்னுச்சாமி ஓடிவந்து என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்க மலைக்காரரே, நெஞ்சு வலிக்குதுங்களா?"

"ஒண்ணுமில்ல தம்பி."

"வெயிலு ஒத்துக்கலையாட்ட இருக்குதுங்க. வயசான காலத்துல எதுக்குங்க இந்தச் செரமம்? ஊட்ல இருங்க."

சோடா கொடுத்து நிழலில் உட்காரவைத்தார்கள். என்னை விட்டுவிட்டு ஊர்வலம் வளைவைத் தாண்டிப் போனது.

அந்தக் கையைத் தூக்கவைத்தது எது என்று எங்கள் எஸ்டேட்காரர்களுக்குத் தெரியும். தேயிலை முடிந்து யூக்கலிப்டஸ் தொடங்கும் இடத்தில் பாதை திரும்பும். ஒரு கிறிஸ்மஸ் காலத்தில், எஸ்டேட்டின் அடுத்த டிவிஷனுக்குக் கேரல் பாடப் போகையில், சாயங்கால மூடுபனிக்குள் ஊதிக்கொண்டே திரும்பினோம். குட்டியோடு யானை நின்றது. எல்லோரும் தேயிலைக்குள் குதித்து ஓடினோம். பெரிய டிரம்மை வாரோடு தோளில் மாட்டியிருந்த அந்தோணியால் மட்டும் ஓட முடியவில்லை. அவன் பிழைத்தான், இடது கால் பிழைக்கவில்லை. அன்றிலிருந்து எங்கள் பேண்டுக்கு ஒரு வழக்கம். வளைவுக்கு முன்னால் முதல் ட்ரம்பெட்காரன் கையைத் தூக்குவான். எல்லோரும் நிறுத்துவோம். ஒருவன் போய் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினால், சத்தமில்லாமல் கடந்துபோய், பாட்டை விட்ட இடத்திலிருந்து எடுப்போம். அத்தனை வருஷமும் முதல் ட்ரம்பெட் நான்தான்.

அடுத்த இரண்டு கல்யாணங்களுக்குப் பொன்னுச்சாமி கூப்பிடவில்லை. பேண்டு போகும் சத்தம் மட்டும் வீட்டுக்குள் கேட்டது. இனி இப்படிக் கேட்டே சாகவேண்டும் போல என்று தோன்றியது. வெட்கத்தை விட்டுப் பட்டறைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்காமல் கேட்டுக்கொண்டார்.

"இங்க ஆனை எங்கீங்க வரப்போவுது? எருமை வேணா வரும். வாங்க, ஊதுங்க. ஆனா இன்னொருக்கா நின்னீங்கன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாதுங்க."

அடுத்த ஊர்வலத்தில் அதே அரிசி மில் வளைவு. கையை ட்ரம்பெட்டோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன். டிரம்காரப் பையன் வாரைக் கழற்றத் தெரிந்தவனா என்றுகூட யோசித்தேன். கண்ணை மூடிக்கொண்டு ஊதித் திரும்பினேன். அந்தப் பக்கம் ஒரு பஸ் நின்றது. டிரைவர் ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். அவ்வளவுதான். அதன்பிறகு எத்தனையோ வளைவுகள் கடந்தாயிற்று. இப்போது கை எழுவதே இல்லை. போன வாரம் ஒரு தெரு திரும்பியதைக்கூட நான் கவனிக்கவில்லை.

நேற்று பள்ளிவாசலிலிருந்து செல்வராஜ் போன் செய்தான். என் பக்கத்தில் நின்று கிளாரினெட் வாசித்தவன்.

"அண்ணாச்சி, இந்தக் கிறிஸ்மஸுக்கு வந்துருங்க. நீங்கதான் முன்னால நிக்கணும். உங்க கையப் பாத்து நடந்தாத்தான் எங்களுக்குத் தைரியம்."

வருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தபோது, இப்போது எழாமல் போன அந்தக் கை நினைவுக்கு வந்தது. என் கையை நம்பி, பெரிய டிரம்மை மாட்டிக்கொண்டு ஒருவன் பின்னால் வருவான்.

"வாரேன்டே. ஆனா நான் கடைசி வரிசையில நிக்கேன்."

"என்ன அண்ணாச்சி, மூச்சு முட்டுதோ?" என்று அவனும் கேட்டான்.

ஆமாம் என்று பொய் சொன்னேன். கடைசி வரிசையில் நின்றால், முன்னால் போகிறவர்கள் ஊதுவதை நிறுத்துவது கேட்கும். கேட்டதும் நானும் நிறுத்திக்கொள்ளலாம்.