அவரைக் குழியில் குளித்தவன்

தோணியில் ஏறும் பஞ்சுப் பொதிகளைச் சரிபார்ப்பது என் வேலை. துறைமுகத்தில் எதைக் கொட்டினாலும் கடல் மறுநாளே இல்லாமல் ஆக்கிவிடும். மண்ணும் அப்படித்தான் என்று நம்பும் அளவுக்கு எனக்கு விவசாய ஞானம்.

யுத்தம் முடிந்து வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்த சமயம். தூத்துக்குடியில் வாடகை வீடு கிடைப்பதே பெரும்பாடு. எங்களுக்கு வீடு விட்ட பலசரக்குக்கடை அண்ணாச்சி ஒரே நிபந்தனை போட்டிருந்தார்: புறவாசலில் மண்டிக் கிடந்த நெருஞ்சியை நான் பிடுங்கிச் சுத்தம் செய்ய வேண்டும், ஆடியில் அவர் அங்கே குழி எடுத்து அவரை விதை ஊன்றுவார். தவறினால் காலி செய்ய வேண்டியதுதான். என் மனைவி பிள்ளையுண்டாகியிருந்தாள்.

குனிய எனக்குச் சோம்பல். பஞ்சுப் பொதி அடுக்கும் கிட்டங்கியின் முற்றத்துக்கென்று கப்பலில் வந்திறங்கிய களைக்கொல்லி கொஞ்சம் மிச்சமிருந்தது. கேட்டு வாங்கிவந்து சித்திரைக் கடைசியில் தெளித்தேன். நெருஞ்சி முறுக்கிக்கொண்டு செத்தது. ஆறு வாரத்தில் மருந்து மண்ணிலேயே சிதைந்துவிடும் என்றது டப்பாவோடு வந்த தாள். காலாட்டிக்கொண்டு இருந்தேன்.

மனைவிக்குத் தாளில் நம்பிக்கையில்லை. ஆறு வாரம் கழித்து அந்த மண்ணைச் சிரட்டையில் அள்ளி நாலு அவரை விதை போட்டாள். நாலும் இறாலைப் போலச் சுருண்டு வந்தன.

"காஞ்ச மண்ணுல சாணியே மக்காது. ஒங்க மருந்து மட்டும் மக்கிருமாக்கும்?" என்றாள்.

அவள் சொன்னதுதான் சரி. மண்ணிலுள்ள கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் தின்றுதான் மருந்து தீருமாம். ஈரமில்லாவிட்டால் அவை வேலைக்கு வராதாம். தாள் எழுதியவன் ஊரில் அடிக்கடி மழை. எங்களுக்கோ ஐப்பசிவரை மேகம் முகம் காட்டாது. கிணறு பல வீட்டுக்குப் பொது. வீணாக இறைத்தால் சண்டை. குளிக்கிற தண்ணீருக்கு யாரும் கணக்குக் கேட்கமாட்டார்கள். மக்கிய எருவைப் பரப்பி, தினம் இருவேளை, இடம் மாற்றி மாற்றி புறவாசலிலேயே நின்று குளித்தேன்.

அண்ணாச்சி ஒருநாள் மதில்வழியே எட்டிப் பார்த்தார். "என்னவே, அங்கன நின்னு தண்ணி ஊத்துதீரு? வேர் விட்டிரப் போறீரு" என்றார். உடம்புச் சூடு என்று சமாளித்தேன்.

ஆடியில் விதை ஊன்றினார். அந்த வாரம் தினமும் விடியுமுன் எழுந்து மண்ணைக் குனிந்து பார்த்தேன். முளைகள் நிமிர்ந்தே வந்தன, தெருவோர மூலையில் ஒன்றைத் தவிர. அந்த மூலையில் குளிக்க நான் வெட்கப்பட்டிருந்தேன்.

அண்ணாச்சி அந்தச் சுருண்ட முளையைக் கிள்ளிப் பார்த்தார்.

"வெதக் கோளாறுவே. வெதக்கடைக்காரன் ஏமாத்திட்டான்."

நானும் அவரோடு சேர்ந்து விதைக்கடைக்காரனைத் திட்டினேன். வீட்டுக்குள்ளிருந்து மனைவி இருமினாள்.

பிள்ளை அந்த வீட்டில்தான் பிறந்தது.