கங்காணியின் உப்பு முடிச்சு

எல்கடுவைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றின் டிஸ்பென்சரிக்கு நான் மிஸ்ஸியாக, அதாவது நர்ஸாகப் போன புதிதில், இரத்த அழுத்தம் கூடிய கங்காணி ஒருவர் என்னிடம் வந்தார். காதில் கடுக்கன், தோளில் கம்பளி, எதற்கும் "ஆகட்டுங்க மிஸ்ஸி" என்ற ஒரே பதில். அழுத்தம் இறங்காவிட்டால் மலையேற விடாமல் வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்களோ என்பதே அவருடைய கவலை. கருவாடு, ஊறுகாய், அப்பளம், மாசிச் சம்பல் என்று உப்புக்காக விலக்க வேண்டியவற்றை வரிசையாகச் சொல்லி, அவரைத் திருப்பிச் சொல்லவும் வைத்தேன். பரீட்சை நடத்துவதில் எனக்கு அத்தனை பிரியம்.

அடுத்த வாரமும் அழுத்தம் இறங்கவில்லை. அவர் இடுப்பில் ஒரு துணி முடிச்சைக் கண்டேன்.

"அது என்னங்க?"

"உப்புங்க மிஸ்ஸி."

கள்ளனைப் பிடித்த பெருமிதத்தோடு கையை நீட்டினேன். "ஆகட்டுங்க" என்று அவிழ்த்துக் கொடுத்தார்.

மறு வாரம் முழங்கால்வரை இரத்தக் கறையோடு வந்தார். மழைக்காலத்தில் மலையில் காலில் அட்டை ஏறினால், உப்பு வைத்துத்தான் விழச் செய்வார்களாம். டவுனில் வளர்ந்த எனக்கு அது தோன்றவேயில்லை.

"அட்டைக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"ரத்தக் கொதிப்புன்னீங்க. அட்டைய விட்டு ரத்தத்தக் கொறைக்கிறீங்களாக்கும்னு இருந்துட்டேங்க."

அழுத்தம் பார்த்தேன். நன்றாக இறங்கியிருந்தது. கருவாட்டை நிறுத்தியதால்தான் என்று அடித்துச் சொன்னேன். "ஆகட்டுங்க மிஸ்ஸி" என்றார். நான் திருப்பிக் கொடுத்த முடிச்சை வாங்கி இடுப்பில் கட்டிக்கொண்டு மலைக்குப் போனார்.

என்னை நம்பித்தான் அட்டைக்குக் காலைக் கொடுத்தாரா, இல்லை கேலி செய்தாரா என்று இன்றும் எனக்குப் புரியவில்லை.