முதலில் வரும் பழைய பஸ் நேரம்

2024 பெப்ரவரி 6, செவ்வாய்க்கிழமை, காலை 5.52. ராகலை பஸ் நிலையத்தில் மழை இல்லை; பனிமூட்டம் மட்டும். புறப்படும்போது என் ஜன்னல் வெப்பமானி 9 காட்டியது. கையில் பேக்கரியில் வாங்கிக் கடதாசியில் சுற்றிய ஒரு பாண். தினமும் அந்த நேரத்துக்குப் போனால்தான் சூடாகக் கிடைக்கும். பத்து நிமிடம் பிந்தினால் ஆறியதுதான்.

வழக்கமாகக் குறுக்கு வழியில் வீடு திரும்பிவிடுவேன்; அன்றுதான் நிலையம் வழியாக வந்தேன். அங்கே ஒரே ஒரு பெண் நின்றிருந்தார். நாற்பது வயது இருக்கலாம். ஸ்வெட்டருக்கு மேல் சால்வை. பிளாஸ்டிக் பையில் கிளினிக் கொப்பி. அந்த நேரத்தில் யாரும் அங்கே நிற்க வேண்டிய காரணம் இல்லை. கேட்காமல் போக என்னால் முடியாது.

"எந்த பஸ்ஸுக்கும்மா நிக்கிறீங்க?"

"நுவரெலியாவுக்குங்க. ஆறு அஞ்சு பஸ்."

"அது இப்ப அஞ்சு நாப்பதுக்கே போயிருதேம்மா. அடுத்தது ஆறு அம்பதுக்குத்தான்."

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "இல்லீங்கய்யா. போன்ல ஆறு அஞ்சுன்னுதான் இருக்கு. தேடினா மொத மொதல்ல அதான் வருது. பாருங்க."

பார்த்தேன். அது என்னுடைய வலைப்பூ. முப்பத்தெட்டாம் பதிவு. 'ராகலையிலிருந்து நுவரெலியாவுக்குக் காலை முதல் பஸ் எத்தனை மணிக்கு?' என்ற தலைப்பை வைத்ததும் நான்தான்.

"ஏழரைக்கு ஆஸ்பத்திரில இருக்கணுங்க. வயித்துல ஒரு கட்டி. ஸ்கேன் பண்ணணும், வெறும் வயித்தோட வாங்கன்னு தேதி குடுத்திருக்காங்க. போன தேதிக்கு வீட்டுல ஒரு சாவு, போக முடியல. இதையும் விட்டா எப்பன்னு தெரியாது."

ஆறு ஐம்பது பஸ் எட்டு மணிக்கு முன் நுவரெலியாவைத் தொடாது. நிலையத்து ஓரத்தில் ஒரு முச்சக்கர வண்டி நின்றது. ஓட்டுனரிடம் கேட்டேன். இரண்டாயிரத்து ஐந்நூறு என்றார். அந்தப் பெண் கையை ஆட்டி மறுத்தார். "நான் குடுக்கிறேன், ஏறுங்க" என்றேன். "நீங்க ஏங்கய்யா?" என்றார். "எனக்கும் அங்க வேலை இருக்கு" என்று சொல்லி நானும் ஏறிக்கொண்டேன். 6.01.

தோட்டத்து அலுவலகத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் கிளாக்கராக இருந்தேன். பென்ஷனுக்குப் பிறகு கை சும்மா இருக்க மறுத்தது. மூன்று ஆண்டுகளாக இந்த வலைப்பூவை எழுதுகிறேன்: பஸ் நேரம், பிறப்புச் சான்றிதழ் எடுக்கும் வழி, எந்த அரசாங்கக் கந்தோர் எந்த நாள் திறந்திருக்கும். அன்றைய கணக்கில் 621 பதிவுகள். முப்பத்தெட்டாம் பதிவை மட்டும் ஒரு நாளைக்குச் சுமார் 140 பேர் பார்த்தார்கள். பெரிய பெரிய பக்கங்கள் எல்லாம் அதற்குக் கீழே வந்தன. இது எப்படி என்று கடைத்தெருவில் கொமினிகேஷன் கடை வைத்திருக்கும் பெண்ணிடம் ஒருமுறை கேட்டேன். போட்டோக்கொப்பி எடுத்துக்கொண்டே சொன்னார்:

"அந்த மெசின் நம்ம ஊரு பஸ்ஸைக் கண்டுச்சா ஐயா? ஜனங்க கேக்கிற வார்த்தை அப்படியே எங்க இருக்கு, யாரு அடிக்கடி எழுதுறா, யாரை மத்தவங்க கைகாட்டுறாங்க, அதைத்தான் பாக்கும். மத்தவங்க சுவத்து அட்டவணையைப் படம் புடிச்சுப் போட்டுட்டுப் போயிட்டாங்க. நீங்கதான் வேற வேலை இல்லாம நித்தம் எழுதுறீங்களே!"

அவர் சொன்னது சரி. நான் ஒரு பதிவில் ஒரே ஒரு கேள்வியை எடுத்து அதற்கு மட்டும் பதில் எழுதுவேன். தோட்டத்துச் சங்கங்கள், பழைய மாணவர்கள், ஒரு கோயில் என்று பதினேழு பக்கங்கள் அந்தப் பதிவுக்கு இணைப்புக் கொடுத்திருந்தன. வந்தவர்கள் வேறு பக்கம் தேடிப் போகாமல் நின்று வாசித்தார்கள். பெரிய பக்கங்களுக்கு ராகலை ஓர் ஓரம். எனக்கு அதுதான் முழு ஊர். நேரம் சரியா பிழையா என்று நிலையத்தில் வந்து நின்று பார்க்கத் தேடுபொறிக்கு ஆள் இல்லை. பார்க்க வேண்டியவன் நான்.

நான் பார்க்காமலும் இல்லை. ஜனவரி முதலாம் திகதி பஸ் நேரம் மாறியது. இரண்டாம் திகதியே 602ஆம் பதிவாக அதை எழுதிவிட்டேன். பழையதைத் தொடவில்லை. தோட்டத்து வேலைநாள் பதிவேடான செக்ரோலில் ஒரு பெயருக்கு எதிரே தவறான எண் விழுந்தால் அதை அழிக்கக் கூடாது. வேறு வரியில் திருத்தம் எழுத வேண்டும். என் மேசையில் அழிப்பான் இருந்ததே இல்லை. அந்தப் பழக்கத்தில் புதிய வரி எழுதிவிட்டு வேலை முடிந்தது என்று இருந்துவிட்டேன். ஆனால் செக்ரோலைத் திறப்பவன் இரண்டு வரியையும் பார்ப்பான். தேடுகிறவர்கள் முதலில் வருவதை மட்டும் பார்க்கிறார்கள். 602ஐ ஒரு நாளைக்கு மூன்று பேர் பார்த்தார்கள். அதில் ஒருவன் நான்.

இன்னொரு காரணமும் உண்டு. முதலிடத்தில் இருப்பதைத் தொட்டால் இறங்கிவிடுமோ என்று பயந்தேன்.

கந்தப்பளை வருமுன்பே வண்டி முழுவதும் பாண் வாசம். வெறும் வயிற்றோடு வந்தவரின் பக்கத்தில் சூடான பாணோடு உட்கார்ந்திருக்கிறோமே என்று அதை என் சால்வைக்குள் மறைத்தேன். மறைத்தும் மணத்தது.

ஓட்டுனர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துச் சிரித்தார். "அக்காவும் அந்தப் போன் பக்கத்தைப் பாத்துத்தான் வந்தாங்களா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"ஜனவரி பொறந்ததுல இருந்து நமக்கு அதானே பொழப்பு! அஞ்சே முக்காலுக்கு ஸ்டாண்டுல போய் நின்னா ஒரு ஹயர் நிச்சயம். சில நாளு ரெண்டு. எழுதின மகராசன் நல்லா இருக்கணும்."

ஜனவரி 2 முதல் அன்று வரை முப்பத்தாறு நாள். நாளைக்கு ஒருவர் என்றாலே முப்பத்தாறு பேர். வண்டி பிடிக்கக் காசில்லாமல் லயத்து வீட்டுக்குத் திரும்பியவர்கள் அந்தக் கணக்கில் இல்லை.

"தம்பி, அதை எழுதினவன் நான்தான்."

ஓட்டுனர், "ஐயா, மாத்திறாதீங்க ஐயா! தவணை கட்டணும்" என்று சொல்லிப் பெரிதாகச் சிரித்தார்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. என்னை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். "அப்ப பொறப்பு சர்ட்டிபிகட் எடுக்கிறது எப்படின்னு எழுதினதும் நீங்கதானா?"

"ஆமாம்மா."

"எங்க மகளுக்கு அதை வச்சுத்தான் எடுத்தோம். அது சரியா இருந்துச்சுங்க. அதனாலதான் இதையும் நம்பினேன்."

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

6.53க்கு ஆஸ்பத்திரி வாசலில் இறங்கினோம். வரிசையில் அவர் ஒன்பதாவது. நான் வெளியே வாங்கில் உட்கார்ந்து போனை எடுத்தேன், டேட்டா முடிந்திருந்தது. எதிர்க் கடையில் ரீலோட் போட்டேன். முப்பத்தெட்டாம் பதிவைத் திறந்து 6.05 என்பதை அழித்தேன். 5.40 என்று எழுதி, எந்த நாள் நேரில் பார்த்தது என்பதையும் மேலே போட்டேன். ஒரு நிமிட வேலை. பின்னர் இரண்டு வாரம் தினமும் தேடிப் பார்த்தேன். பக்கம் இறங்கவே இல்லை.

9.20க்கு அந்தப் பெண் வெளியே வந்தார்.

"எடுத்துட்டாங்கய்யா. முடிவு வெள்ளிக்கிழமை சொல்வாங்களாம்."

பாணைக் கொடுத்தேன். நின்றபடியே பாதியைச் சாப்பிட்டார். மீதியைப் பைக்குள் வைத்தார்.

"வெள்ளிக்கிழமை அஞ்சு நாப்பது பஸ்தானே? அது உறுதிதானுங்களே?"

"வியாழக்கிழமை காலையில போய்ப் பாத்துட்டு எழுதுறேம்மா."

"எழுதுங்க. நான் அதைப் பாத்துட்டே வர்றேன்."

அன்றிரவு முப்பத்தெட்டாம் பதிவின் பேரில் செலவு எழுதினேன்: வண்டிக்கு 2,500. ரீலோட் 100. பாண் 150. திரும்பி வர பஸ்ஸுக்கு 106. மொத்தம் இரண்டாயிரத்து எண்ணூற்று ஐம்பத்தாறு ரூபாய்.