ஒன்பதாம் முனைக்கு வராத வண்டி

“கடைசிக் காரும் போயிடுச்சு. மேல வரவேண்டியதுதானே? சூப்பு ஆறுது.”

“பச்சைக்கொடி வண்டி வரணும் சுமிஷா. அது என்னைத் தாண்டிப் போனாத்தான் எனக்கு வேலை முடிஞ்சுது.”

“அது வரலைன்னா?”

“வராம எங்க போகும்? வரலைன்னா இங்கயே நிக்க வேண்டியதுதான்.”

“நில்லு. அந்தக் கான்கிரீட் கட்டையைக் கட்டிக்கிட்டே நில்லு.”

“நான் கட்டிக்கிட்டவ மட்டும் என்ன, பஞ்சு மூட்டையா?”

ஜன்னலில் நின்று கேட்டவள் சுமிஷா. கீழே தெரு வளைவில், ஆரஞ்சு நிற உடுப்போடு, கையில் மஞ்சள் கொடியோடு நின்று பதில் சொன்னவன் அவள் கணவன் ஜவாத். அவன் சிரித்தது குரலில் தெரிந்தது. முகம் தெரியவில்லை. பந்தயச் சாலையில் கொடி பிடிப்பவன் கார் வரும் திசைக்கு முதுகு காட்டக்கூடாது. தும்மினாலும், மழை பெய்தாலும், பெண்டாட்டி திட்டினாலும் திரும்பக்கூடாது. கொடிக்காரர்களுக்கு அதுதான் முதல் பாடம்.

மறுநாள் மாலை ஜவாத் இறந்துபோனான்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுமிஷா அதிகம் பேரிடம் சொன்னதில்லை. கேட்டவர்களில் சிலர் சிரித்தார்கள். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. “நல்லது, உங்களுக்கு இப்படி எதுவும் வரவேண்டாம்” என்றாள். ஆனால் எத்தனை முறை கேட்டாலும் ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. அவள் சொன்னபடியேதான் இங்கே எழுதியிருக்கிறது.

மொராக்கோவின் துறைமுக ஊரான டான்ஜியரில் அந்தக் கார்ப் பந்தயத்துக்கென்று தனியாக மைதானம் கிடையாது. ஊர்தான் மைதானம். வசந்தம் வந்தால் லாரிகள் எண் போட்ட கான்கிரீட் கட்டைகளைக் கொண்டுவந்து இறக்கும். கட்டைகளின் மேல் கம்பி வலை ஏறும். நேற்றுவரை மீன் வண்டியும் பள்ளிக்கூட வேனும் போன தெரு, பந்தயச் சாலையாகிவிடும். மூன்று நாள் காது கிழியும். பிறகு கட்டைகள் மறுபடி லாரியேறிப் போய்விடும். தெருவில் டயர் தேய்ந்த கறுப்புக் கோடுகள் மட்டும் மிஞ்சும். அதையும் முதல் மழை கழுவிவிடும்.

முதல் மூன்று வருடம் பாதை நீளமானது. துறைமுக வாசலில் தொடங்கிக் கடற்கரைச் சாலையில் நேராக ஓடும். ரவுண்டானாவைச் சுற்றி ஊருக்குள் நுழைந்து மேடேறும். ரொட்டி அடுப்புக்காரர் லார்பியின் கடையைத் தாண்டியதும் கொண்டை ஊசி போல ஒரு வளைவு. அங்கிருந்து மறுபடி துறைமுகத்துக்கு இறக்கம். கொடிக்காரர்கள் நிற்கும் இடங்களில் அந்த வளைவுதான் ஒன்பதாம் முனை. சுமிஷாவின் வீட்டு வாசலும் அதுதான்.

“வாசப்படியிலயே வேலை. ராஜாவுக்குக் கூடக் கிடைக்காது” என்பான் ஜவாத். மற்ற நாட்களில் அவன் துறைமுகத்தில் மின்சார வேலை பார்த்தான். கொடி பிடிப்பதற்குக் கூலி கிடையாது. ஒரு தொப்பியும் மதியச் சாப்பாடும் தருவார்கள். அந்தத் தொப்பிக்காக வருடம் முழுவதும் காத்திருப்பான்.

பந்தயத்தின் மூன்றாம் வருடம், யார் முதலில் கிளம்புவது என்று முடிவு செய்யும் தகுதிச் சுற்று நடந்த மாலை. மணி ஆறு பத்து. மேடேறி வந்த ஒரு கார் வளைவில் திரும்பாமல் நேரே வந்தது. ஜவாத் விசில் ஊதினான். கொடியை ஆட்டினான். கார் மோதியதில் கட்டை பின்னுக்கு, அவன்மேல் நகர்ந்தது. அவ்வளவுதான்.

ஓட்டிவந்தவன் பிழைத்துக்கொண்டான். ஜவாதைத் தூக்கிக்கொண்டு போனார்கள். சுற்று முடிந்ததும் ஒவ்வொரு முனையாகத் தாண்டி வந்து கொடிக்காரர்களை விடுவிக்கும் பச்சைக்கொடி வண்டி, உடைந்த கார் தெருவை அடைத்துக் கிடந்ததால், அன்று லார்பியின் கடை வரை வந்து, திரும்பிப் போய்விட்டது. ஒன்பதாம் முனையை அது தாண்டவேயில்லை.

அடுத்த வருடம் பாதையைச் சுருக்கினார்கள். இப்போது கார்கள் ரவுண்டானாவைச் சுற்றி அப்படியே துறைமுகத்துக்குத் திரும்பிவிடும். மேட்டுத் தெரு பந்தயத்தில் இல்லை. உபரிக் கட்டைகளை அங்கே வரிசையாக வைத்து, ஆம்புலன்ஸ் போக ஓர் இடைவெளி விட்டு, தெருவை மூடிவைத்தார்கள். முனைகளுக்குப் புது எண் கொடுத்தபோது எட்டுக்கு அடுத்துப் பத்து வந்தது. ஒன்பது என்ற எண்ணில் நிற்க எந்தக் கொடிக்காரனும் சம்மதிக்கவில்லை.

அந்த வருடம்தான் முதல் முறை.

மாலை. சுமிஷா அடுப்படியில் இருந்தாள். கீழே கடற்கரைப் பக்கம் கார்கள் தேனீக் கூட்டம் போல இரைந்துகொண்டிருந்தன. வாசலில் ஒரு விசில் சத்தம். சின்னதாய் இரண்டு, நீளமாய் ஒன்று. ஜவாத் அப்படித்தான் ஊதுவான். ‘சின்னது ரெண்டு எனக்கு, பெருசு உனக்கு’ என்று கேலி செய்வான்.

அவள் கையிலிருந்த கரண்டி விழுந்தது. ஜன்னலுக்குப் போகவில்லை. படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

காலையில் லார்பி கேட்டார். “நேத்து உன் வீட்டுப் பக்கம் எவன் விசில் ஊதினான்? என் நாய் கட்டிலுக்கு அடியில போனது இன்னும் வெளிய வரலை.”

“காத்தா இருக்கும்.”

“காத்துக்கு விசில் யாரு வாங்கிக் குடுத்தா?” என்றவர், அவள் முகத்தைப் பார்த்ததும் சூடான ரொட்டி ஒன்றைக் கையில் திணித்தார். காசு வாங்கவில்லை.

அவன் போன இரண்டாம் வருடம் அவள் ஜன்னலைத் திறந்தாள்.

கட்டைக்குப் பின்னால் ஆரஞ்சு நிற முதுகு. தொப்பிக்குக் கீழே கழுத்தில் அந்த மச்சம். கிழக்கிலிருந்து அடிக்கும் ஷெர்கிக் காற்றில் தெருவே புழுதியாகப் பறந்தது. அவன் சட்டை மட்டும் ஆடவில்லை.

அவள் கத்தவில்லை. அதுதான் அவளுக்கே ஆச்சரியம். முதலில் பயம்தான் வந்தது. அதன் பின்னாலேயே வேறொன்று வந்து பயத்தைத் தள்ளிவிட்டது. வந்துவிட்டான். எப்படியோ, வந்துவிட்டான்.

மூன்றாம் வருடம் புதினாத் தேநீர் போட்டு எடுத்துக்கொண்டு போய் அவன் பின்னால் நின்றாள். அவன் திரும்பவில்லை. அவளும் கூப்பிடவில்லை. ஆறு மணி நெருங்கியதும் உள்ளே வந்துவிட்டாள். அந்த நேரத்தை அவளால் தாங்க முடியாது. தேநீர் கிளாசை வாசல்படியில் வைத்துவிட்டு வந்தாள். பிறகு எடுத்தபோது தேநீர் குறையவில்லை. சூடாகப் போட்ட தேநீர், கிணற்றுத் தண்ணீர் போலச் சில்லென்றிருந்தது.

பக்கத்து ஊரான தெத்துவானிலிருந்து அவள் அண்ணன் தொலைபேசியில் கத்துவான். “அந்தத் தெருவுல என்ன புதையலா வச்சிருக்கே? முப்பத்தி நாலு வயசுல உனக்கு என்ன பிடிவாதம்? நல்ல மனுஷன் ஒருத்தர் கேக்கறார். வா.” கட்டைகள் வரும் நாட்களில்தான் அவள் கணவனுக்கு நிற்க ஓர் இடம் இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? கட்டைகள் போனால் அவனும் போய்விடுகிறான். வருடத்தில் மூன்றே மாலை. அதற்காகத்தான் மீதி வருடம்.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஓதுகிறவர்களைக் கூட்டிவந்து அவனை அனுப்பிவிடுவார்கள்.

ஹமிடோவிடம்கூடச் சொல்லவில்லை. ஹமிடோ ஜவாதின் சிநேகிதர். பந்தயக் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து எல்லா முனைகளோடும் வாக்கிடாக்கியில் பேசுகிறவர். ஒவ்வொரு வருடமும் பந்தயத்துக்கு முன், அந்த ஊர் வழக்கப்படி, கூம்பாக வார்த்த சர்க்கரைக் கட்டி ஒன்றோடு வருவார். ஏதோ சொல்ல வாயெடுப்பார். தேநீரைக் குடிப்பார். “உடம்பைப் பாத்துக்க தங்கச்சி” என்று எழுந்துவிடுவார். அவளுக்கும் சொல்ல ஒன்று இருந்தது. அவளும் விழுங்கிக்கொள்வாள்.

நான்காம் வருடம், தகுதிச் சுற்று நாள்.

அன்று காலை அண்ணனிடம் முடிவாகச் சொல்லிவிட்டாள், வரமாட்டேன் என்று. அதை ஜவாதிடம் சொல்ல வேண்டும். தேநீர் கிளாசோடு இறங்கினாள். அவன் நின்றிருந்தான்.

“நான் எங்கயும் போகலை. இங்கதான் இருக்கப்போறேன். கேக்குதா?”

முதுகு அசையவில்லை. ஆனால் வலது கை மெல்ல எழுந்து, தோளில் மாட்டியிருந்த வாக்கிடாக்கியை அழுத்தியது. ஏதோ பேசினான். காற்றில் அவளுக்குக் கேட்கவில்லை.

பொழுது மங்கியது. வழக்கமாக உள்ளே போகும் நேரம். அன்று அவள் போகவில்லை. அவன் மறுபடி வாக்கிடாக்கியில் கத்துவது போலிருந்தது; காற்று குரலை அடித்துக்கொண்டு போனது.

கீழே கார்களின் சத்தம் ஓய்ந்தது. சுற்று முடிந்துவிட்டது. தெரு அமைதியானது... லார்பியின் நாய் ஒருமுறை குரைத்து, நடுவில் நிறுத்திக்கொண்டது.

அப்போது மேட்டின் கீழிருந்து ஒரு கார் வரும் சத்தம்.

மூடிய தெரு. கட்டைகள் அடுக்கிய தெரு. அதில் அந்த வேகத்தில் கார் வர வழியில்லை.

சத்தம் ஏறியது... ஏறியது...

அவன் விசில் ஊதினான். சின்னதாய் இரண்டு. நீளமாய் ஒன்று.

கொடி படபடத்தது.

தெருவில் ஒன்றுமில்லை. வெறும் தெரு. சத்தம் மட்டும் வந்துகொண்டே...

“ஜவாத்... ஓடு...”

அவன் ஓடவில்லை.

இடி.

தரை அதிர்ந்தது. கிளாசுக்குள் தேநீர் குதித்துக் கையில் சில்லென்று சிந்தியது. ஆரஞ்சு நிறம் கட்டைக்குக் கீழே மடிந்து விழுந்ததை அவள் பார்த்தாள். நான்கு வருடம் முன்பு பார்க்காததை. பார்க்க வேண்டாம் என்று எல்லோரும் அவளைத் தடுத்ததை.

பிறகு நிசப்தம்.

பிறகு... அவன் எழுந்தான்.

உடுப்பில் ஒரு கறை இல்லை. தொப்பியைச் சரிசெய்தான். கொடியைச் சுருட்டினான். தெருவைப் பார்த்து நின்றான். கழுத்தை நீட்டி, மேட்டின் கீழே, எதற்கோ காத்திருப்பவன் போல. கை மறுபடி வாக்கிடாக்கிக்குப் போனது.

அவளுக்கு மெல்ல, மிக மெல்லப் புரிந்தது. அவன் தன்னைப் பார்க்க வந்துகொண்டிருந்ததாக நினைத்திருந்தாள். அவன் வரவில்லை. போகவேயில்லை. அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திய ஒவ்வொரு மாலையும், வாசலில், தனியாக...

கிளாசோடு ஓடினாள். கட்டைகளின் இடைவெளியில் நுழைந்து, லார்பியின் கடையைத் தாண்டி, ரவுண்டானாவைத் தாண்டி, துறைமுக வாசல்வரை. ஒரு செருப்பு எங்கோ கழன்றுபோனது. அந்தித் தொழுகைக்கான மக்ரிப் பாங்கு ஒலித்துக்கொண்டிருந்தது.

கட்டுப்பாட்டு அறையில் ஹமிடோ தனியாக இருந்தார். காதில் மாட்டும் கருவி மேசைமேல் கிடந்தது. வாசலில் நின்றவளைப் பார்த்தார். அவள் வாய் திறக்கும் முன்பே கேட்டார்.

“ஒன்பதா?”

சுமிஷா உள்ளே வந்தாள். “உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“உக்காரு தங்கச்சி.”

“சொல்லுங்க.”

“பாதையைத் திறக்கறதுக்கு முன்னாடி முனை முனையாக் கூப்பிடுவோம். எட்டு தயார்னு சொல்லுவான். நான் பத்தைக் கூப்பிடறதுக்குள்ள நடுவுல ஒரு குரல் வரும். ‘ஒன்பது, தயார்.’ நாலு வருஷமா வருது.”

“அவர் குரலா?”

“எனக்குத் தெரியாத குரலா அது?” அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “சாயங்காலம் எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பினப்புறம் மறுபடி கேப்பான். ‘ஒன்பது. பச்சைக்கொடி வண்டி இன்னும் வரலை. நான் வீட்டுக்குப் போகலாமா?’”

வீடு. அவன் முதுகுக்குப் பின்னால், கைநீட்டினால் தொடும் தூரத்தில் இருந்த வீடு.

“நீங்க என்ன பதில் சொன்னீங்க?”

“என்னத்தைச் சொல்ல? மெஷினை அணைச்சுடுவேன்.”

காற்று கதவை அடித்தது. பிறகு ஹமிடோ தலையைத் தூக்காமல் சொன்னார்.

“இன்னொண்ணும் சொல்லுவான். போன வருஷத்துலேருந்து. எப்பவும் மெதுவாத்தான் சொல்லுவான். இன்னிக்குக் கத்தினான்.”

“என்னன்னு?”

“‘சுமிஷா என் பின்னால நிக்கிறா. நான் திரும்பக்கூடாது. கார் வர்றதுக்குள்ள யாராவது அவளை உள்ள போகச் சொல்லுங்க.’”

அவள் அழவில்லை. கையில் இன்னும் கிளாஸ் இருந்தது. அடியில் கொஞ்சம் தேநீரும் இரண்டு புதினா இலையும் ஒட்டிக்கொண்டிருந்தன. கதவுக்கு வெளியே, விளக்கடியில், அன்றைய வேலை முடிந்த பச்சைக்கொடி வண்டி நின்றிருந்தது. கொடியை இன்னும் கழற்றவில்லை. காற்றில் அது விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

அந்த வண்டி மேடேறிவிட்டால் அடுத்த வசந்தத்தில் விசில் இருக்காது. கழுத்து மச்சம் இருக்காது. கட்டைகள் வரும், போகும். தெரு வெறும் தெருவாக இருக்கும். நான்கு வருடமாக அவள் யாரிடமும் சொல்லாமல் நாக்கின் கீழ் அடக்கிவைத்திருந்ததே அதனால்தான்.

“அண்ணே, அந்த வண்டிச் சாவி யார்கிட்ட இருக்கு?”

“எங்கிட்டதான்.”

கிளாசை மேசைமேல் வைத்தாள். சத்தம் வராமல், மெதுவாக.

“எங்க தெருவுக்கு ஒரு தடவை ஓட்டிக்கிட்டு வாங்க. கொடி நல்லாத் தெரியற மாதிரி வாங்க. நின்னுடாதீங்க... அவரைத் தாண்டிப் போங்க. வேலை முடிஞ்சுதுன்னு சொல்லி அவரை அனுப்பி வைங்கண்ணே.”